சைக்காலஜி படிக்க எந்த குரூப்?

பத்தாவது ரிசல்ட் வந்து ப்ளஸ் ஒன் அட்மிஷன் ஆரம்பித்தால் போதும். சுகர் மாத்திரை, நாய்க்கடி ஊசி பற்றிய கேள்விகளுக்கு நடுவே என் இன்பாக்ஸில் இந்தக் கேள்வியும் வரிசையாக வந்து விழும். "டாக்டர், பொண்ணு சைக்காலஜி படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. எந்த குரூப் எடுக்கணும்?"

ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக எழுதி மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிங்க.

நான் எம்பிபிஎஸ் மட்டும் படித்த அரசு மருத்துவன். மனநல மருத்துவரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டீம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்களில் பக்கத்து அறையில் ஓபி பார்ப்பவன். அவர்களிடம் நோயாளிகளை அனுப்பியும், அவர்கள் திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்தும் சில வருடமாகத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் குழப்பம் பெயரில் இருக்கிறது. "சைக்காலஜி டாக்டர்" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதில் இரண்டு வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மாத்திரை எழுதுகிறவர் சைக்கியாட்ரிஸ்ட். அவர் எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் எம்.டி. சைக்கியாட்ரி படித்தவர். அதற்கு நீட் எழுத வேண்டும், ஆகவே ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இல்லாமல் முடியாது. உட்கார வைத்துப் பேசி, டெஸ்ட் எடுத்து, தெரபி கொடுக்கிறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். அவர் வந்த பாதை பிஏ அல்லது பிஎஸ்சி சைக்காலஜி, பிறகு முதுகலை, அதற்கு மேல் கிளினிக்கல் பயிற்சி. உங்கள் பிள்ளை மனதில் இருப்பது இதில் யார் என்று முதலில் கேளுங்க. பாதிப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசமே தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் உளவியல் என்று ஒரு பாடமே கிடையாது. சிபிஎஸ்இயில் இருக்கிறது, அதுவும் எல்லா ஸ்கூலிலும் நடத்துவதில்லை.

"டாக்டராகவும் ஆகலாமோ" என்று மனசின் ஒரு மூலையில் ஆசை இருந்தால் பயாலஜி குரூப்தான். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

இல்லை, சைக்காலஜிதான் என்று முடிவாகிவிட்டால் விஷயம் வேறு. இளங்கலை சைக்காலஜியில் பெரும்பாலான கல்லூரிகள் எந்த குரூப் படித்தவரையும் சேர்த்துக்கொள்கின்றன. காமர்ஸ் படித்தவரும் சேரலாம், ஹிஸ்டரி குரூப்பும் சேரலாம். சில கல்லூரிகள் குறிப்பிட்ட பாடங்களைக் கேட்கலாம், அதனால் விரும்புகிற கல்லூரியின் ப்ராஸ்பெக்டஸை இப்போதே ஒரு தடவை பாருங்க.

அப்படியானால் குரூப் எதுவாக இருந்தாலும் ஒன்றுதானா? அதுவும் இல்லை. இங்கேதான் வீட்டுச் சண்டை ஆரம்பிக்கிறது.

பத்தாவதில் நல்ல மார்க் என்றால் பள்ளிக்கூடமே "ஃபர்ஸ்ட் குரூப் எடு" என்று தள்ளும். எடுத்தால் எந்தக் கதவும் மூடாது, உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் சைக்காலஜி இருக்கிறது. ஃபீஸ் தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதனால் போட்டியும் அதிகம். அரசு கலைக் கல்லூரி சீட் ப்ளஸ் டூவின் நான்கு முதன்மைப் பாடங்களின் மார்க்கை, அதாவது 400க்கு எவ்வளவு என்பதை வைத்துத்தான் கிடைக்கும். இயற்பியலும் கணக்கும் பிடிக்காத பிள்ளை இரண்டு வருஷம் அதோடு முட்டி மோதி 260 வாங்கினால், காமர்ஸில் 370 வாங்கிய பிள்ளை அந்த சீட்டில் உட்காரும். கௌரவத்துக்கு எடுத்த குரூப், படிக்க நினைத்த படிப்பையே கெடுத்துவிடும்.

என் சொந்தக் கருத்து இது. இயற்பியல் ஒரு பாரமாக இல்லையென்றால் பயாலஜி இருக்கிற குரூப் எடுக்கலாம். பள்ளியில் தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக உள்ள ப்யூர் சயின்ஸ் இருந்தால், கணக்குக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது இன்னும் நல்லது. அறிவியலே ஒத்துவராது என்றால் காமர்ஸில் "வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்" சேர்ந்த குரூப். ஹிஸ்டரி குரூப் மோசம் என்று சொல்லவில்லை. காலேஜ் போனதும் உயிரியல், புள்ளியியல் இரண்டையும் புதிதாகத் தொட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

"சைக்காலஜிக்கு எதுக்கு சார் கணக்கு?" என்று கேட்பீங்க. நிறைய பிள்ளைகள் முதல் வருஷத்தில் அதிர்ச்சியாவது இந்த இடத்தில்தான். அடுத்தவர் மனசைப் படிக்கச் சொல்லித் தருவார்கள் என்று போவார்கள். அங்கே திட்ட விலக்கம் கணக்குப் போடச் சொல்வார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாம் நடக்கும். மன வளர்ச்சி குறைவு என்று ஒரு பையனை அம்மா கூட்டிவருவார். அவனுக்கு ஐக்யூ டெஸ்ட் எடுப்பது சைக்காலஜிஸ்ட். பெரும்பாலான ஐக்யூ டெஸ்ட்களில் சராசரி 100, திட்ட விலக்கம் 15. 70 என்பது சராசரியிலிருந்து இரண்டு படி கீழே. நூறு பேரில் சுமார் இரண்டு பேர்தான் அதற்கும் கீழே வருவார்கள். ஆனால் ஒரு பையன் 72 வாங்கினால் அது கல்லில் வெட்டிய 72 இல்லை. அன்றைக்குக் காய்ச்சலா, பசியா, கேள்வி கேட்டவரின் பேச்சு அவனுக்குப் புரிந்ததா, இதையெல்லாம் வைத்து முன்னே பின்னே போகும். அந்த எண்ணோடு, அவன் தானே சாப்பிடுகிறானா, சட்டை மாட்டுகிறானா, தனியாகக் கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கி வருகிறானா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 40 சதவீதத்தைத் தொட்டால்தான் அந்தக் குடும்பத்துக்குப் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். புள்ளியியல் புரியாத ஒருவர் கையில் அந்த எண் போனால், அந்த அம்மா வெறுங்கையோடு பஸ் ஏறிப் போக வேண்டியதுதான்.

உயிரியல் எதற்கு என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாற்பது வயது அம்மா. எப்பவும் அசதி, அழுகை, மறதி, வீட்டு வேலையில் நாட்டமில்லை. சொந்தக்காரர்கள் நேராக மனநலப் பிரிவுக்கே கூட்டிவந்துவிட்டார்கள். எங்கள் சைக்காலஜிஸ்ட் அரை மணி நேரம் பேசிவிட்டு என் அறைக்கு அனுப்பினார். சீட்டில் ஒரே வரி: "குரல் கனத்திருக்கு, குளிர் தாங்கலைங்கிறாங்க. தைராய்டு பாருங்க சார்." பார்த்தோம். டிஎஸ்ஹெச் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரை ஆரம்பித்தோம், சில மாதத்தில் ஆள் தெளிந்துவிட்டார். அந்த சைக்காலஜிஸ்ட் ப்ளஸ் டூவில் படித்தது காமர்ஸ். உடம்பைப் பற்றிக் கல்லூரியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர். பள்ளியில் படிக்காவிட்டாலும் பின்னால் படிக்க முடியும், ஆனால் படிக்காமல் தப்பிக்க முடியாது. காமர்ஸ் எடுக்கிற தம்பி தங்கைகள் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் நரம்பு மண்டலம் பற்றிய பாடத்தை லீவில் ஒரு தடவை வாசித்துப் பாருங்க. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

யாருமே கேட்காத ஒரு பாடம் தமிழ். காலேஜ் புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆகவே ஆங்கிலம் வேண்டும். ஆனால் என் ஓபியில் யாரும் "எனக்கு டிப்ரஷன்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் எரியுது", "தலைக்குள்ள பூச்சி ஊர்ற மாதிரி இருக்கு", "மனசே வெறிச்சோடிப் போச்சு சாமி" என்றுதான் வருகிறார்கள். இதில் எது இதய வலி, எது பயம், எது துக்கம் என்று பிரிக்க அந்தப் பேச்சு காதில் ஊறியிருக்க வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. பெரிய சிட்டியில் படித்து வருகிறவர்களுக்குப் பல வருஷமாகும் விஷயம் உங்களுக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கிறது.

சரி, பெற்றோர்கள் குரூப்பைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்குக் கவலைப்படாத இடம் ஒன்று இருக்கிறது. இளங்கலை முடித்தவுடன் கிளினிக் வைத்துவிட முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் யார் என்று வரையறுத்தே வைத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்சிஐ அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். இதுவரை அந்தப் படிப்பு முதுகலைக்குப் பிறகு இரண்டு வருஷ எம்.ஃபில். எம்.ஃபில் என்பதையே யுஜிசி நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்பு கொடுத்தார்கள். ஆர்சிஐ புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. இப்போது ப்ளஸ் ஒன் சேரும் பிள்ளை முதுகலை முடிக்க ஏழு வருஷம் ஆகும், அதற்குள் இன்னும் மாறலாம். ஆகவே ஆர்சிஐ இணையதளத்தை வருஷத்துக்கு ஒரு முறையாவது பாருங்க. தொலைதூரக் கல்வியில் சைக்காலஜி முடித்துவிடலாம் என்ற கணக்கும் இனி செல்லாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூர, ஆன்லைன் முறையில் சைக்காலஜி கூடாது என்று யுஜிசி சொல்லிவிட்டது. இன்னும் விளம்பரம் செய்கிறவர்களிடம் பணம் கட்டிவிடாதீங்க.

கடைசியாக ஒன்று. சுகர் மாத்திரை வாங்க மாதாமாதம் வரும் ஒரு அப்பா, பத்தாவது முடித்த மகளைக் கூட்டிவந்தார். "பைத்தியத்துக்கு வைத்தியம் படிக்கப் போறேங்குது சார், நீங்களாச்சும் சொல்லுங்க." நான் மேலே எழுதியதைத்தான் சொன்னேன். அவர் மாத்திரை க்யூவுக்குப் போனதும் அந்தப் பொண்ணு மெதுவாகக் கேட்டது. "சார், இத படிச்சா நமக்கு இருக்கறதும் சரியாயிடுமா?"

எந்த குரூப் என்று கேட்கிற பிள்ளைகளில் சிலர் உண்மையில் கேட்பது இதைத்தான். ராத்திரி தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, அதற்கு விடை அந்தப் படிப்பில் இருக்கும் என்று நம்புகிறார்கள். "அதுக்கு ஏழு வருஷம் காத்திருக்க வேணாம்மா" என்று சொல்லி, டீம் வரும் நாளை ஓபி சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அப்பாவிடம் என்ன சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம் என்றும் பேசிவைத்தோம். வந்தது. அப்பாதான் கூட்டிவந்தார்.

உங்கள் வீட்டிலும் பிள்ளை திடீரென்று சைக்காலஜி என்று சொன்னால், "ஏன்?" என்று ஒரு தடவை கேளுங்க. அதட்டிக் கேட்காமல், டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்க. வெறும் ஆசையாகவும் இருக்கலாம், அப்படியானால் சந்தோஷம். வேறு ஏதாவது இருந்தால் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிவாங்க. வர முடியாத நேரத்தில் 14416, டெலி மானஸ். காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

குரூப் சந்தேகம் இன்னும் இருந்தால், பிள்ளையின் மார்க்கையும் உங்கள் பள்ளியில் இருக்கும் குரூப்களையும் கீழே போடுங்க. நைட் ட்யூட்டி முடிந்து காலையில் பார்த்துச் சொல்கிறேன்.