நிறம் திருத்தலும் நிறம் மாற்றலும்

டிஜிட்டல் ஒளிப்படங்களின் நிறத்தைத் திருத்த எந்த மென்பொருள் நல்லது என்று இளம் பத்திரிகையாளர்கள் கேட்பதுண்டு. போட்டோஷொப்பின் புதிய பதிப்புகளை 2013 முதல் சந்தா செலுத்தியே பெறவேண்டியுள்ளது. கிம்ப், டார்க்டேபிள் ஆகியன இலவசமானவை. குழல்விளக்கு ஏற்றிவிடும் பச்சைச் சாயலை நீக்க இவை போதும். மூலப்படத்தைத் தொடாமல், செய்த திருத்தங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதிவைப்பது டார்க்டேபிளின் சிறப்பு.

இது ஏன் முக்கியம்? 1994 ஜூனில் டைம், நியூஸ்வீக் இரண்டும் ஓ. ஜே. சிம்ப்சனைப் பொலிஸார் எடுத்த ஒரே படத்தை அட்டையில் வெளியிட்டன. டைம் அவரது முகத்தைக் கருமையாக்கியிருந்தது. இனவாதம் என்று கண்டனம் எழுந்தது. இரண்டு அட்டைகள் இருந்ததால் வாசகர் ஒப்பிட்டுக் கண்டுகொண்டனர். நாம் அச்சிடும் படத்துக்கு ஒப்பிட மூலப்படம் மட்டுமே உண்டு. அதைக் காக்கும் கருவியே என் தெரிவு.