மாதவிடாய் நிறைவும் மாத்திரைக் குப்பியும்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்த பின்னரே மருத்துவம் அதனை மாதவிடாய் நிறைவு எனக் கொள்கிறது. ஆயினும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரின் சுரப்பு ஏறியிறங்கிக் குறையத் தொடங்குவதால், மார்பில் எழுந்து முகம்வரை பரவி வியர்வையில் முடியும் வெப்பத் தாக்கும் அதனால் கெடும் உறக்கமும் பெண்ணை வாட்டுகின்றன. உடற்சூட்டைச் சீர்செய்யும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி, இச்சுரப்பு குறைந்தபின் சிறு வெப்ப ஏற்றத்தையும் பெருஞ்சூடாகக் கொண்டு இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. வைட்டமின் குறைவால் வராத இத்துன்பத்தை வைட்டமின் அல்லது மூலிகைக் குப்பியால் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற மற்றோர் இயக்குநீரையும் சேர்த்து உட்கொண்டோரிடம் மார்பகப் புற்றுநோய் மிகுந்ததை அமெரிக்காவின் பேராய்வு ஒன்று 2002-இல் வெளியிட்டபோது, பெண்கள் பெருந்திரளாக, இத்துன்பத்தைத் தணிக்கும் இயக்குநீர் மருத்துவத்தைக் கைவிட்டனர்; அந்த அச்சம் நியாயமானதே. சோயாவும் பிளாக் கோஹோஷ் என்ற வட அமெரிக்க மூலிகையின் வேரும் அவ்விடத்தை நிரப்ப முன்வந்தன. 351 பெண்களை ஓராண்டு கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், பிளாக் கோஹோஷும் பல்மூலிகைக் கலவையும் மருந்தற்ற வெற்று மாத்திரையைவிட மேலான பயன் தரவில்லை. ஈஸ்ட்ரோஜனே வெப்பத் தாக்கைத் தெளிவாகக் குறைத்தது. வெற்று மாத்திரை உண்டோரும் இத்தகைய ஆய்வுகளில் ஓரளவு ஆறுதல் அடைவது வழக்கமாதலின், குப்பியால் குணம் கண்டதாகக் கூறும் பெண் பொய்யுரைப்பதாகக் கருதுவது அவளுக்கு இழைக்கும் அநீதியாகும். சோயாவின் நிலை இன்னும் சிக்கலானது: அதிலுள்ள டெய்ட்சீன் என்ற பொருளை ஈக்வால் என்ற, ஈஸ்ட்ரோஜனைச் சிறிது ஒத்த பொருளாக மாற்றும் குடல் நுண்ணுயிர்கள் எல்லோரிடமும் இல்லாததால், ஒருத்திக்குக் கிட்டும் பயன் அவள் உடன்பிறந்தாளுக்கும் கிட்டாமற்போகலாம்.

எலும்பின் கதை வேறு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் எலும்பு விரைந்து தேய்வதால் கால்சியமும் வைட்டமின் டி-யும் உண்மையிலேயே தேவைப்படுகின்றன. எனினும் 36,282 பெண்கள் பங்கேற்ற ஆய்வில் இவ்விரண்டையும் மாத்திரையாக உண்டோரின் இடுப்பெலும்பு அடர்த்தி ஏறத்தாழ ஒரு விழுக்காடே கூடுதலாக இருந்தது, இடுப்பெலும்பு முறிவு உறுதியாகக் குறையவில்லை, சிறுநீரகக் கல்லோ 17 விழுக்காடு மிகுந்தது. 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் இருக்கையில், கூழும் களியும் உண்ணும் வீட்டில் உணவுக் கணக்கைப் பார்க்காமல் மாத்திரையைத் தொடங்குவது முறையன்று.

குப்பியின் பெருந்தீங்கு காலத்தைக் கடத்துவதில் உள்ளது. அயர்வுக்கும் மறதிக்கும் தைராய்டுக் குறைவோ வைட்டமின் பி12 குறைவோ காரணமாயிருக்கலாம். இரண்டையும் எளிய இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் சிறிதளவு உதிரம் கண்டாலும், அது கருப்பை உட்சவ்வுப் புற்றின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடுமாதலால், எந்த மாத்திரையையும் நம்பிக் காத்திராமல் மகளிர் நோய் மருத்துவரிடம் சென்றாக வேண்டும்.