மலைக்கு முதுகு காட்டி ஒரு படம்

ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு இரண்டு வேலைதான். கேள்வி-பதில் பகுதிக்கு வாட்ஸ்அப்பில் வந்த பயிர்ப் படங்களைப் பார்ப்பது ஒன்று. கேமராவை மாட்டிக்கொண்டு செஞ்சிக் கோட்டைப் பக்கம் போவது இன்னொன்று. போன புரட்டாசியில் ஒரு ஞாயிறன்று இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற சாலை கோட்டைக்குள் புகுந்துதான் போகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளை ஒரே மதிலால் வளைத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். ஞாயிறென்றால் கல்யாண மகாலுக்கு முன்னால் செல்போனைத் தூக்கிக்கொண்டு நிற்காதவர் இல்லை. பக்கத்தில் இருக்கும் நெற்களஞ்சியத்துக்குள் அன்று நான் மட்டும்தான் நின்றேன். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். எத்தனை கொத்தளம் இருந்தாலும் உள்ளே தானியம் இல்லாமல் ஒரு கோட்டை தாக்குப்பிடிக்க முடியாது. அந்தத் தடித்த சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் தொழில் புத்தி அப்படித்தான் கணக்குப் போடுகிறது.

ராஜகிரி ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஊரார் ராணிக் கோட்டை என்கிற கிருஷ்ணகிரி எனக்குப் போதும். 1996-ல், வேலைக்கு வந்த புதிதில், அதன் உச்சியில் ஒரு பாறையில் நின்று ஃபிலிம் கேமராவில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே பாறையைத் தேடி நின்றேன். மலைகளில் ஒரு கல்லும் மாறவில்லை. கீழேதான் எல்லாம் மாறியிருந்தது. பழைய படத்தில் நெல் அடிக்கிற களம் இருந்த இடத்தில் இப்போது மனைக் கற்கள். மானாவாரிக் கொல்லையாக இருந்த இரண்டு துண்டில் சவுக்கு. மலையை எடுக்கும்போது ஓரத்தில் தற்செயலாக விழுந்த வயல்கள் அவை. வயலுக்காக நான் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

இறங்கி வந்து அடிவாரத்தில் நின்றபோது ஒரு பெரியவர் கூப்பிட்டார். "மலையவே எத்தினி வாட்டி சார் புடிப்பீங்க? இந்த மல்லாட்ட எலையப் பாருங்க."

டிக்கா இலைப்புள்ளிதான். இலையின் மேல்பக்கம் ஒரு படம், திருப்பிப் போட்டு அடிப்பக்கம் ஒரு படம் எடுத்தேன். வாசகர்கள் அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல் மேல்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. முன்பருவப் புள்ளியில் மேல்பக்கம் மஞ்சள் வளையம் தெரியும். பின்பருவப் புள்ளி அடிப்பக்கத்தில் கன்னங்கரேல் என்றிருக்கும். இதுதான் சீக்கிரம் இலையைக் கொட்டவைக்கும். அவர் கொல்லையில் இருந்தது இரண்டாவது. ஏக்கருக்கு 400 கிராம் மாங்கோசெப், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கச் சொன்னேன். (இலையோடு முழுச் செடியையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் புள்ளியின் நிறமே தெரிவதில்லை, காலையில் எடுங்கள்.)

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்தக் கொல்லையில நிக்கவச்சு என்னை ஒண்ணு புடிப்பீங்களா?"

"அதுக்கென்ன ஐயா, நில்லுங்க."

"எங்க வூட்டம்மா போயி ரெண்டு வருசம். செவுத்துல இருக்கிறது ஆதார் கார்டுலேர்ந்து பெருசு பண்ணது. நாப்பது வருசம் இதே கொல்லையில களை வெட்டுனவ. அந்தப் படத்தப் பார்த்தா யாரோ மாதிரி இருக்கா."

எனக்குப் பதில் வரவில்லை. என் அப்பாவுக்கும் ஒரே படம்தான். ஸ்டுடியோ நாற்காலியில், திரையில் வரைந்த மாளிகைக்கு முன்னால், இரவல் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஏர் பிடித்த மனிதர் அந்தப் படத்தில் இல்லை. ஆனாலும் அந்த ஸ்டுடியோப் படங்களுக்கும் மதிப்பு உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப்போய், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அப்படிப்பட்ட படங்களைக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றியிருக்கிறது. நம் வீட்டுப் பரணில் கரையான் தின்பதைத்தான் அவர்கள் ஆவணம் என்கிறார்கள்.

மறுநாள் கடைத்தெரு ஸ்டுடியோவில் படத்தைக் கொடுத்தேன். "உயிரோட இருக்கிறவங்களுக்குப் பெரிய படம் கேக்கறது இப்ப கொறைஞ்சு போச்சு சார். பாஸ்போர்ட் சைஸ், இல்லன்னா செத்தவங்க படம்" என்றார் கடைக்காரர். பிரேம் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன். பெரியவர் துண்டால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். மலை பின்னால் இல்லை. அதற்கு முதுகு காட்டி நின்றுதான் எடுத்திருந்தேன். அவரும் அவர் மல்லாட்டையும் மட்டும். தன் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. தூர நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: "அந்த வடக்கு மூலையில களை அப்பிடியே நிக்குது பாருங்க. அவ இருந்திருந்தா வுட்டிருப்பாளா?"

இலை கொட்டுவது நின்றிருந்தது.