வெறுங்கையும் வெற்றுத் தட்டும்

சென்னையில் கப்பலேறினால் அந்தமானை அடைய ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும். போர்ட் பிளேயர் எனப் பெயர் பெற்றிருந்து, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆன நகரை அடுத்துச் சாத்தம் தீவு உள்ளது. 1883இல் நிறுவப்பட்ட மர அறுவை ஆலை அங்கேதான் இருக்கிறது. அத்தீவின் துறையிலிருந்து படகேறிச் சிறிது நேரத்தில் எதிர்க்கரையிலுள்ள பாம்பூஃப்ளாட்டை அடையலாம். இருப்புப்பாதையே இல்லாத இத்தீவிற்கு, இரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் நாங்கள், விடுமுறையில் எங்கள் தமக்கையாரைக் காணக் குடும்பத்துடன் சென்றோம்.

கொண்டு செல்வது யாது என்பதே முதற் கேள்வியாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கப்பற் பயணத்தின் வெப்பத்தைத் தாங்காது. ஆகவே, புகைவண்டிப் பயணிகளால் புகழ்பெற்ற மணப்பாறை முறுக்கும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் வாங்கினோம். கடற்காற்றில் முறுக்கு நமுத்துவிடுமாதலால், இறுக மூடும் தகர டப்பாக்களில் அடைத்துக்கொண்டோம்.

தமக்கையார் டப்பாவைத் திறந்ததும் முதலில் மூன்று தட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று மாப்பிளைக் குடும்பத்திற்கு. 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் இத்தீவுகளுக்கு அனுப்பப்பட்டோரின் வழிவந்தவர்கள் அவர்கள். மற்றவை வங்காளியர் வீட்டிற்கும் தெலுங்கர் வீட்டிற்கும். மறுநாள் வங்காளியர் வீட்டுத் தட்டு, தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த உருண்டைகளுடன் திரும்பிற்று. வெற்றுத் தட்டைத் திருப்பித் தரலாகாது என்னும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை அன்று கண்டோம்.

“மூன்று நாள் கடல் தாண்டி வந்த பண்டம், வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளலாகாதா, அக்கா?” என்று கேட்டோம்.

“தம்பி, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது நாங்கள் எல்லோரும் மேட்டிற்கு ஓடினோம். அன்று நான்கு வீட்டாரும் ஓரடுப்பில் சமைத்து உண்டோம். தட்டுகள் முன்பே பழகியிருந்தமையால், கேட்கவும் கொடுக்கவும் யாருக்கும் கூச்சமில்லை” என்றார்.

பெரும் பரிசு பெறுவோர்க்குச் சுமையாகும். ஈடு செய்ய வேண்டுமே என்ற கவலையைத் தரும். நான்கு முறுக்கோ உண்டதும் தீர்ந்துவிடும். கணக்கு மிஞ்சாது, நினைவு மட்டும் மிஞ்சும். ஒருவரைக் காணச் செல்வோர் கொண்டு செல்லும் பொருளுக்குக் ‘கையுறை’ என்று பெயரிட்டனர் நம் முன்னோர். இன்று அச்சொல் கைக்கு அணியும் உறையைக் குறிக்கிறது. சொல் மாறினும் வழக்கம் மாறவேண்டுவதில்லை.

அயலூரில் வாழும் அன்பர்களே! பண்டிகை வரட்டும் என்று காத்திராதீர்கள். அடுத்த வீட்டார் உண்பது எது, விலக்குவது எது என்பதை முன்னரே கேட்டறியுங்கள். சர்க்கரை நோய் உடையவர் வீட்டிற்குச் சுண்டல் போதும். தட்டைக் குழந்தையின் கையில் கொடுத்து அனுப்புங்கள். அயலாரின் வாசலும் பெயரும் அவர்தம் மொழியில் இரண்டு சொற்களும் அக்குழந்தைக்குப் பழகும். இடர் வரும் நாளில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும்.