எனாமல் அடித்தால் போதுமா?

பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி. வாசலில் நிற்கும் கிரண் விமானத்தைப் புதுப்பித்துவிட்டோம், வந்து பாருங்கள் என்றார்கள். விமானப்படையில், தாம்பரத்தில் கிரணோடு காலம் தள்ளியவன் என்பதால் எனக்கு ஒரு சால்வையும் உண்டு. போய்ப் பார்த்தால், பழைய பெயின்ட்டைச் சுரண்டக்கூட இல்லை. அதன் மேலேயே எனாமல். காணாமல்போன ஸ்க்ரூக்களுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அடிவயிற்று வடிகால் துளைகளையும் பெயின்ட்டால் அடைத்திருந்தார்கள். "மழைக்கு முன்னால் துளைகளையாவது குத்தித் திறந்துவிடுங்கள்" என்றேன். "எந்தத் துளை சார்?" என்றார் பொறுப்பாளர்.

அலுமினியத்தில் ஸ்டீல் ஸ்க்ரூவை ஜாயின்டிங் காம்பவுண்ட் தடவாமல் முறுக்கினால், உப்பு ஈரம் பட்டதும் கரைவது அலுமினியம்தான். கோவளத்தில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறதென்று சொல்வார்கள். விமானத் தகடு அதைவிட மெல்லியது. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் மெக்னீசியக் கலவையில் வார்த்த உறைகள் வேறு உண்டு. அவற்றுக்குக் கடற்காற்று ஆகவே ஆகாது.

தாம்பரத்தில் எங்கள் வாரன்ட் ஆபீசர் ஒரு மலையாளி. கையில் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் கொடுத்து, "ஸ்கின்னைப் பார்க்காதே, ரிவெட்டைப் பார்" என்பார். தளர்ந்த ரிவெட் துளைக்குள் உரசி உரசிக் கறுப்பாய்ப் பொடி விடும். காற்று அதைப் பின்பக்கமாக இழுத்து வால் போட்டுவிடும். ஸ்மோக்கிங் ரிவெட் என்போம். துடைத்துவிட்டுப் போகிறவனை அவர் மன்னிக்கவே மாட்டார். ரிவெட் வரிசை ஓரம் விரல் நகத்தை ஓட்டுவார். எங்காவது தட்டினால், அங்கே தகடு பேக்கரி பப்ஸ் போல அடுக்கடுக்காய் உப்பியிருக்கும். நல்ல உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். மிஞ்சிய கனம் மேனுவல் சொல்லும் அளவுக்குள் இருந்தால் அரிப்பைத் தடுக்கும் அலோடைன் பூச்சு, பிறகு பிரைமர். இல்லாவிட்டால் தகட்டையே மாற்ற வேண்டும்.

மாற்றுவதில்தான் எங்களுக்கு உயிர் போகும். தலையை மட்டும் டிரில் செய்து, தண்டைப் பன்ச்சால் தட்டி எடுக்க வேண்டும். துளை முட்டை வடிவமாகிவிட்டால் ஓவர்சைஸ் ரிவெட்தான். வெளியே ஒருவன் ரிவெட் கன் பிடிப்பான், உள்ளே ஒருவன் ரிவெட்டின் வாலுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புக் கட்டையான டாலியைப் பிடிப்பான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் பேச்சும் எடுபடாது. உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால் இன்னும் கொஞ்சம் அடி. இரண்டு வந்தால் போதும். மூன்று வந்தால் பிடுங்கு. வாரன்ட் ஆபீசர் டாலி பிடித்த நாட்களில் இரண்டு தட்டு கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்தக் கைவேலை நம் ஊருக்குப் புதிதல்ல. 1910-லேயே பல்லாவரத்தில் விமானம் பறந்தது. ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் தானே வடிவமைத்து, சென்னை சிம்ப்சன் கம்பெனியில் கட்டியது. ஆனால் விமானப்படையின் பழைய டகோட்டா விமானம் இங்கிலாந்தில் சீரமைக்கப்பட்டுத்தான் 2018-ல் வந்து சேர்ந்தது. வந்ததில் சந்தோஷம்தான். இங்கே டாலி பிடிக்கத் தெரிந்தவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனாமல்காரர்களைவிட, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் லாரி டர்போசார்ஜரை வைத்து ஜெட் எஞ்சின் செய்த பையன்களை எனக்குப் பிடித்திருக்கிறது. கையைச் சுட்டுக்கொண்டாவது செய்கிறார்கள். ஊதுகுழல் வைத்துச் சுழற்றி, கேஸ் திறந்து, பற்றவைத்து, அலறவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் காத்திருந்தது நிறுத்திய பிறகு வரும் நேரத்துக்கு. கிரணின் வைப்பர் எஞ்சினை நிறுத்தினால் அது சுழன்று ஓயும்வரை ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நிற்போம். வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றால் பேரிங்கில் கோளாறு, இல்லை பிளேடு எங்கோ உரசுகிறது. அதனால் காதையும் தீட்டிக்கொண்டு கேட்போம். இவர்களோ கேஸை மூடிய கையோடு ஆயில் பம்ப்பையும் நிறுத்திவிட்டார்கள். லட்சம் சுற்றைத் தொடுகிற தண்டு அது. சூட்டோடு எண்ணெயை நிறுத்தினால் மிஞ்சிய எண்ணெய் பேரிங்கிலேயே கரியாகும்.

நம் காவேரி ஜெட் எஞ்சின் ஏன் சார் இன்னும் தேஜஸ் போர் விமானத்தில் ஏறவில்லை என்று கேட்டான் அந்தப் பையன்களில் ஒருவன். 1989-ல் தொடங்கிய திட்டம் அது. டர்பைன் பிளேடு உலோகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

ஸ்டாப்வாட்ச் வாங்கியாச்சா என்று போன வாரம் அவனிடம் விசாரித்தேன். "போனிலேயே இருக்கு சார்" என்றான். நேற்று எத்தனை விநாடி, முந்தாநாள் எத்தனை என்றேன். எழுதி வைக்கவில்லையாம்.