வீட்டை இழுத்துக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கு – 2: பின்பாரம்

ஜெயமங்கலத்தில் வண்டியை ஓரங்கட்டியதும் வந்த முதல் கேள்வி, "எந்தப் படம்ணே, யாரு ஹீரோ?" என்பதுதான். தேனிக்காரர்களுக்கு கேரவன் என்றால் ஷூட்டிங். அது பஸ்ஸை உடைத்துச் செய்த நடமாடும் அறை. என்னுடையது வேறு. இன்ஜின் கிடையாது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம், உள்ளே இருவர் படுக்க இடம், பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. பொலிரோவின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் டிரெய்லர்.

எப்படி இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று போன வாரம் படித்த பலர் கேட்டிருந்தார்கள். எல்லோரும் முதலில் விசாரிப்பது கழிப்பறை உண்டா, ஏசி உண்டா என்றுதான். நான் எடையிலிருந்து தொடங்கச் சொல்வேன். நம் நாட்டு விதிகளில் டிரெய்லர்கள் மொத்த எடையை வைத்தே பிரிக்கப்படுகின்றன. 750 கிலோ வரை டி1, அதற்கு மேல் மூன்றரை டன் வரை டி2. உங்கள் வண்டியின் கையேட்டை எடுத்து எவ்வளவு இழுக்கலாம் என்று பாருங்கள். சில கார்களின் கையேட்டில் இழுக்கவே கூடாது என்று இருக்கும். அப்படி இருந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். டோபார் என்னும் இழுவைக் கொக்கியைப் பொருத்தித் தருகிறேன் என்று எந்தப் பட்டறையில் சொன்னாலும் கேட்கக் கூடாது.

எடைத் தொல்லை கேரவனோடு கூடப் பிறந்தது. உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று 1885இல் உருவான 'வாண்டரர்' வண்டியைச் சொல்வார்கள். கப்பற்படை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் இங்கிலாந்தில் செய்வித்தது. ஏறக்குறைய இரண்டு டன் எடை, இழுக்க இரண்டு குதிரைகள். மேடு வரும்போதெல்லாம் அந்தக் குதிரைகள் என்ன பாடுபட்டிருக்கும்! அதே காலத்தில் நம் ஆட்கள் அரிசி, பருப்பு, பாத்திரத்தோடு கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போய், ஆற்றங்கரையில் பொங்கித் தின்று தங்கி வந்திருக்கிறார்கள். இங்கே இது புதுப் பழக்கமே இல்லை.

கூண்டு வண்டி கட்டிய கடைசித் தலைமுறையில் மிஞ்சியிருக்கும் ஒரு பெரியப்பா ஜெயமங்கலத்தில் இருக்கிறார். வராக நதிப் பாசன வயலிலும் கொடிக்காலிலும் உழைத்தவர். வைகை அணைப் பக்கமுள்ள சர்க்கரை ஆலைக்கு மாட்டு வண்டியிலும் பிறகு டிராக்டரிலும் கரும்பு அடித்தவர். டிரெய்லரைச் சுற்றி வந்தார். காரோடு மாட்டும் முன்நுனியைக் கையால் தூக்கிப் பார்த்தார். "பின்பாரமா இருக்கேப்பா. மாட்டு வண்டியா இருந்தா நுகத்தடி மேல தூக்கி மாட்டோட கழுத்தை இறுக்கும். இது உன் காரை ஆட்டும்" என்றார்.

"எவ்வளவு முன்பாரம் வேணும் பெரியப்பா?"

"கழுத்துல உக்காரணும், ஆனா அமுக்கக் கூடாது."

டிரெய்லர் நூல்கள் இதையே கணக்காகச் சொல்கின்றன. மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும். மச்சானும் நானும் எடை மேடைக்குப் போனோம். முன்னால் நின்றது மாங்காய் லோடு, பின்னால் எங்கள் வீடு. கழற்றி நிறுத்திய டிரெய்லர் மட்டும் 640 கிலோ. காலி எடை 480தான். 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ, இன்வெர்ட்டர் பேட்டரி 55, மெத்தை, பாத்திரம், சிலிண்டர் என்று மீதி 45 கிலோ. வீட்டில் கண்ணுக்குத் தெரியாத எடையெல்லாம் இங்கே வரிசையாகத் தெரிந்தது. பிறகு மண்டியில் ஒரு தராசு கேட்டு வாங்கி நுனியை மட்டும் வைத்துப் பார்த்தோம். 38 கிலோ. பத்து சதவீதமே 64 வர வேண்டும். பட்டறையில் பேட்டரியைப் பின்பக்கம், அடுப்படிக்குக் கீழே வைத்திருந்தார்கள். அதை அச்சுக்கு முன்னால் மாற்றியதும் 78 கிலோ வந்தது. பெரியப்பா மறுபடி தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

இந்த 40 கிலோ மாற்றத்தின் அருமை தேனி தாண்டியபோது தெரிந்தது. ஆனி, ஆடியில் மேற்கு மலைக் கணவாய்கள் வழியாக இறங்கும் காற்று இந்தப் பள்ளத்தாக்கை உலுக்கும். தேனி, ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் நட்டிருப்பது அந்தக் காற்றை நம்பித்தான். பக்கவாட்டில் ஒரு வீச்சு, கூடவே முந்திச் செல்லும் லாரியின் இழுப்பு. பின்பாரமான டிரெய்லர் அந்த நேரத்தில் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெரிதாகி, கடைசியில் காரையே சுழற்றிப் போடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவும் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் தானே அடங்கும். நாங்கள் 60ஐத் தாண்டவே இல்லை. காற்று அடித்தது, டிரெய்லர் அசைந்து உடனே நின்றது.

ஊர்த் தெருக்களில் வேறு பாடம். வடுகபட்டியில் பூண்டு மூட்டை இறங்கும் நேரத்தில் நுழைந்தோம். திருப்பத்தில் டிரெய்லர் சக்கரம் காரின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அகலமாக எடுத்துத் திருப்ப வேண்டும். ரிவர்ஸுக்கு டிராக்டர் ஓட்டும் பையன்களிடம் கேட்டால் அழகாகச் சொல்லித் தருவார்கள். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைத்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. அவ்வளவுதான்.

மலைக்கு வருகிறேன். ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் 750 கிலோ வரை டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. நம் மலைப்பாதைக்கு அந்தச் சலுகையை நான் ஏற்க மாட்டேன். கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிறதே, அந்தத் தள்ளலையே வாங்கித் தன் சக்கரத்தைத் தானே பிடிக்கும் பிரேக் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள்.

எந்த மலை? போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பூக்களின் பெயர் சூட்டிய மேகமலை வளைவுகள் 18. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட. இரண்டையும் டிரெய்லரோடு தொட வேண்டாம். அடிவாரத்தில் கழற்றி வைத்துவிட்டுக் காரில் மட்டும் போய் வரலாம். லோயர் கேம்பிலிருந்து குமுளி ஏறும் பாதைதான் சரி. ஆனால் கார்த்திகை, மார்கழியில் வேண்டாம். சபரிமலைக் கூட்டத்துக்காகக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கி ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். கம்பம்மெட்டு வளைவுகள் இழுத்துச் செல்பவர்களுக்கானவை அல்ல.

கிளம்பும் முன் காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, டிரெய்லரையும் வாகனமாகவே கருதுகிறது. அதற்கும் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரில் தெரிய வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு இரவு எங்கே நிறுத்துவது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. குமுளிக்கு அப்பால் வாகமனில் அதற்கான பூங்காவும் வந்துவிட்டது. இந்தப் பக்கம் நாங்கள் தெரிந்தவர் தென்னந்தோப்பில்தான் நின்றோம். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்குப் பக்கத்தில் சமதளமாகக் கொஞ்சம் இடம், ஒரு குழாய், ஒரு பிளக் பாயிண்ட், கழிவுநீர் ஊற்ற ஒரு தொட்டி இருந்தால் போதும். சுற்றுலாத் துறையும் நீர்வளத் துறையும் சேர்ந்து இதைச் செய்து தர வேண்டும்.