வட்டத்துக்குள் ஒரு புள்ளி

எங்கள் கொங்கு நாட்டில் கூட்டமும் குலதெய்வமும் அப்பன் வழியில் வருபவை. பூட்டன் பெயர் வரைக்கும் சொல்லத் தெரிந்த வீடுகளில்கூட, அம்மாவைப் பெற்ற அமுச்சியின் அம்மா பெயரைக் கேட்டால் பதில் வராது. கல்யாணமாகிப் போன பெண், பிறந்த வீட்டு வம்சக் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறாள்.

அந்தப் பெயர்களைத் தேடவைக்கும் ஒரு நோய் உண்டு. டுசேன் தசைச்சிதைவு. சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் மரபணுக் கோளாறு. மூன்று, நான்கு வயதில் பையன் அடிக்கடி விழுவான். தொடையில் கையூன்றித்தான் தரையிலிருந்து எழுவான். பெரும்பாலும் பன்னிரண்டு வயதையொட்டி நடை நின்றுபோகும். பின்னாளில் இதயமும் மூச்சும் தளரும். கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், தாய் அதைச் சுமப்பவளானால் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடம் இல்லாமலே புதிதாகத் தோன்றுகிறது.

என் மாணவி ஒருத்தியின் தம்பிக்கு இந்த நோய். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அவள் அம்மாவுக்கு வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது: "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு இல்ல. எல்லாம் உன்ற வழியில வந்ததுதான்." பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். தன்னால் அம்மா திட்டு வாங்குகிறாள் என்பதுதான் தன் நோயைப் பற்றி அவன் கற்ற முதல் பாடம்.

இந்தப் பிள்ளைகளின் மனவளர்ச்சியைப் பற்றி மருத்துவம் சொல்வது ஒன்றுண்டு. இவர்களிடம் குறைந்துபோகும் டிஸ்ட்ரோபின் புரதம் தசையில் மட்டுமல்ல, மூளையிலும் வேலை செய்கிறது. ஆகவே சிலருக்குக் கவனக் குறைவு, கற்றல் சிரமம், ஆட்டிசத்தின் கூறுகள் இருக்கலாம். "புத்தகத்தை எடு, பதினாலாம் பக்கம் திற, மூணாவது கணக்கைப் போடு" என்று ஒரே மூச்சில் சொன்னால் பாதி நழுவிவிடும். வகுப்பில் அதற்குப் பெயர் பிடிவாதம். நடையைச் சில காலம் நீட்டிக்கத் தரும் ஸ்டீராய்டு முகத்தை ஊதவைக்கும், எரிச்சலைக் கூட்டும். அதற்குப் பெயர் திமிர். ஆனால் தசை தளர்வதுபோல இந்த மூளைச் சிரமங்கள் நாளுக்கு நாள் கூடுவதில்லை. அவனால் கற்க முடியும், கேலி பேச முடியும், பொறாமைப்பட முடியும். அதற்கெல்லாம் எதிரே ஒரு ஆள் வேண்டும்.

இவனுக்கு எதிரே எப்போதும் அம்மா மட்டும்தான். கழிப்பறைக்குத் தூக்கிப்போக அவள் பள்ளி வாசலிலேயே காத்திருக்கிறாள். வயது கூடக்கூட அவனுக்குக் கூச்சம். காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அம்மா நிற்கும் இடத்தில் எந்தப் பையன் வந்து ரகசியம் பேசுவான்? "நடக்கலைன்னாலும் போகுதுங்க மேடம். எவங்கூடயாச்சும் ஒரு சண்டை கட்டீட்டு வந்தான்னா எனக்குப் போதுமுங்க" என்றார் அந்த அம்மா. குழந்தையின் சமூக வளர்ச்சிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் தசைச்சிதைவையும் சேர்த்திருக்கிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது. சட்டத்துக்கும் வகுப்புக்கும் நடுவே இருப்பது மாடிப்படி. அதை ஏற வேண்டியது அம்மாவின் இடுப்பு.

தசைச்சிதைவில் பெண்களைப் பாதிக்கும் வகைகளும் உண்டு. அப்படி வளர்ந்த சகோதரிகள் வானவன் மாதேவியும் இயலிசை வல்லபியும் தம்மைப் போன்றவர்களுக்காகச் சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். வானவன் மாதேவி 2017இல் இறந்தார். தூக்கப்படும் உடம்புக்குள்ளும் பிறரைத் தாங்க நினைக்கும் மனம் வளரும் என்பதற்கு அவர்கள் வாழ்க்கையே சாட்சி.

கோவையில் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் இந்த நோய்க்கு மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தருகிறது. மரபணு ஆலோசனையில் குடும்ப மரம் வரைவார்கள். ஆண் சதுரம், பெண் வட்டம். கோளாறைச் சுமப்பவளுக்கு வட்டத்துக்குள் ஒரு புள்ளி. என் மாணவியின் வீட்டிலும் வரைந்தார்கள். அமுச்சியின் அக்கா பெற்ற இரண்டு பையன்கள் "கால் விளங்காமல்" இளவயதிலேயே செத்துப்போன கதை அன்றுதான் வெளியே வந்தது. அந்த வீட்டில் பெண்கள் வழியாகப் போன முதல் வம்ச வரைபடம் அது. அதையும் குற்றப்பத்திரிகையாகத்தான் படித்தார்கள்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககிட்டச் சொல்லணுமா மேடம்?" என்று கேட்டாள். அவளுக்கும் புள்ளி இருக்கப் பாதி வாய்ப்பு. சுமக்கும் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனமாகலாம். அவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். "மொதல்ல அது உன் உடம்பைப் பத்தின சேதி. தெரிஞ்சுக்கறதா வேண்டாமாங்கறதும், யாருகிட்ட எப்பச் சொல்றதுங்கறதும் நீ முடிவு பண்றது" என்றேன்.

நோம்பியில் சாமியைத் தூக்கும் தோள்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். ஒரு பையனைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போக மட்டும் ஏன் ஒரு தோளும் வருவதில்லை? அவனுக்குச் சண்டை போட ஒரு சினேகிதன் வேண்டும். அந்நேரம் வேறெங்காவது இருக்க அவன் அம்மாவுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டும் ஒரே கோரிக்கைதான்.